பெரணி வைத்த மடை

வாய்க்கால் பார்ப்பதற்காக மலையேறப் போகிறோம் என்று சொன்னபோது எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் சிரிக்காதவர் பாக்கியில்லை. காரணம் என் கணவரின் வேலை. முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசனத் துறையில் லஸ்கராக இருந்தவர் அவர். கால்வாய்க் கரையில் சைக்கிளில் போய் ஷட்டரைத் திறப்பது, மூடுவது, மதகில் சிக்கிய குப்பையை வாரிக் கரையில் போடுவது, இதுதான் லஸ்கர் உத்தியோகம். கல்யாணமான புதிதில் கேலியாக 'லஸ்கர்' என்று கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது. போன வருடம் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மனிதர் காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகலாம். இவரோ, பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஷட்டரும் சாவியும் இல்லாமல் ஓடுகிற ஒரு வாய்க்கால் வட்டவடை மலையில் இருக்கிறதாம், அதைக் கடைசிவரை நடந்து பார்க்கவேண்டும் என்றார். நான் பள்ளிக்கூட ஆசிரியை. மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடவே கிளம்பினேன்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, விடியற்காலைப் பேருந்தில் பொள்ளாச்சி. அங்கிருந்து உடுமலை. உடுமலையில் மூணாறு பேருந்து பிடித்து, சின்னாறு, மறையூர் வழியாக மேலே ஏறினோம். மறையூர் தாண்டியதும் லஸ்கர் மப்ளரைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார், வெளியே நல்ல வெயில். மூணாறிலிருந்து வட்டவடை நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஆள் நிறைந்தால் கிளம்பும் ட்ரிப் ஜீப்பில் ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய் வாங்கினார்கள். சோலைக்காட்டுச் சோதனைச் சாவடியில் இறங்கி எங்கள் பெயரை எழுதிக் கொடுத்தோம். காடு முடிந்து ஜீப் ஒரு வளைவு திரும்பியதும் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் காடுகழனி. கேரட் பச்சை, கோஸ் பச்சை, பூண்டுப் பச்சை, எல்லாம் வேறு வேறு பச்சை. ஜீப் ஓட்டிய செல்வமே தன் வீட்டை ஒட்டி ஒரு அறையை வாடகைக்கு விடுகிறார், ஒரு இரவுக்கு எண்ணூறு. அவர் மனைவி வைத்துத் தந்த பூண்டுக் குழம்பை லஸ்கர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

வியாழன் காலை ஏழே முக்காலுக்குச் செல்வம் எங்களைக் காட்டோரத்தில், வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் இறக்கிவிட்டார். அங்கிருந்து ஊருக்கு வாய்க்கால் கரையாகவே நடந்தால் ஆறு கிலோமீட்டர். மெதுவாக நடந்தாலும் இரண்டு மணிக்கு வந்துவிடலாம், மூன்றரைக்கு மூணாறு ஜீப் எடுப்பேன் என்றார். போவதற்கு முன் சில புத்திமதிகளும் சொன்னார். தண்ணீரில் சோப்பு போடக்கூடாது. செருப்புக் காலை வைக்கக்கூடாது. காட்டுப்போத்து, அதாவது காட்டெருமை, எதிரே வந்தால் ஓடாமல் நிற்கவேண்டும். நாங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம். சொல்லவேண்டிய இன்னொன்றை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் யாரும் அந்த ஊரில் இல்லாததால் அவருக்குத் தோன்றியிருக்காது.

வாய்க்காலின் தலைப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சோலைக்குள்ளிருந்து வருகிற ஓடையில் உருண்டைக் கற்களைக் குறுக்கே அடுக்கி, புல்லோடு வெட்டிய மண்கரணைகளை வைத்து அடைத்திருக்கிறார்கள். அதன் பக்கவாட்டில் முழங்கை நீள அகலத்துக்கு ஒரு வாய். அதுதான் ஊருக்கே சோறு போடுகிற வாய்க்கால். லஸ்கர் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்த அன்று என்னைக்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

"சிமெண்டு இல்ல, லைனிங் இல்ல. லெவல் எப்புடிப் புடிச்சிருக்கான் பாத்தியா புள்ள" என்றார்.

எட்டரை மணிக்கு ஒரு விளையாட்டு ஆரம்பித்தது. அவர் ஒரு இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். இலையோடு கூடவே நடக்கவேண்டும். தண்ணீரின் வேகம் பார்க்க அவருடைய மேலதிகாரிகள் செய்கிற காரியமாம். நல்ல இலை அது, அவசரப்படாத இலை. வளைவுகளில் கொஞ்சம் சுற்றி நின்றது, நாங்களும் நின்றோம். வலப்பக்கம் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரங்கள், இடப்பக்கம் கீழே படிப்படியாகத் தோட்டங்கள். கரை ஒற்றையடி அகலம்தான். பாறை குறுக்கிட்ட இடத்தில் பாறையையே குடைந்து தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறார்கள், உளி போன தடம் இன்னும் விரலுக்குத் தட்டுகிறது. எந்தக் காலத்தில், யார் குடைந்தது என்று எழுதிவைத்த கல் எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு பள்ளத்தைத் தண்ணீர் கறுப்புக் குழாய் வழியாகக் கடந்தது. குழாய்க்குப் பக்கத்தில், முன்பு அந்த வேலையைச் செய்த குடைந்த மரம் ஒன்று பாசி பிடித்துக் கிடந்தது. லஸ்கர் அதையும் தட்டிப் பார்த்தார். இவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தவர்.

பத்து நாற்பதுக்கு எங்கள் இலை பக்கவாட்டில் ஓடிப்போயிற்று.

வாய்க்கால் அந்த இடத்தில் அடைத்துக் கிடந்தது. புல்கரணையும் கல்லும் சேறும் குறுக்கே விழுந்தமாதிரி மண்டியிருக்க, தண்ணீர் முழுவதும் கீழ்க்கரையில் ஒரு உடைப்பு வழியாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அடைப்புக்கு அந்தப்புறம் வாய்க்கால் வறண்டு ஈரமணல் மட்டும் தெரிந்தது. லஸ்கரின் முகம் மாறிவிட்டது. கீழே ஊருக்கே தண்ணீர் இல்லை, இங்கே உடைப்பெடுத்து வீணாகிறது, யாரும் பார்க்கவில்லையே என்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். எத்தனை நடுமத்தியானத்தில் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு இப்படி ஓடியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கல்லைப் பெயர்த்து எடுத்தார். கரணைகளைப் பெயர்த்து அவற்றாலேயே கீழ்க்கரை உடைப்பை அடைத்து, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார். இருபது நிமிடத்தில் அரசாங்க வேலை மாதிரி இல்லாமல் நிஜமாகவே நன்றாகச் செய்துமுடித்தார்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அடைப்பின் உச்சியில், தட்டைக்கல் ஒன்றின் அடியில், பெரணிக் கொத்து ஒன்று செருகியிருந்தது. வேர் மேலே, இலை கீழே. எந்தச் செடியும் தானாகத் தலைகீழாக முளைக்காது. அது என் கண்ணில் பட்டது. பட்டும், நான் செய்த காரியம் போனை எடுத்துப் படம் பிடித்ததுதான். அவர் அந்தப் பெரணியை எடுத்துக் கரையில் ஒழுங்காக வைக்கிற படம். 'ரிட்டயர்டு ஆனாலும் டூட்டி' என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டேன். சிக்னல் கிடைத்த இடத்தில் படம் போய்ச் சேர்ந்தது, கட்டைவிரல்கள் வர ஆரம்பித்தன.

அதன் பிறகு நடந்த ஒரு மணி நேரம் அந்தப் பயணத்திலேயே அழகான ஒரு மணி நேரம் என்று சொன்னால் பாவம். ஆனால் அதுதான் உண்மை. திறந்துவிட்ட தண்ணீர் வறண்ட வாய்க்காலில் எங்களோடு கூடவே வந்தது. முன்னால் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, பள்ளங்களில் நின்று நிரப்பி, மறுபடி கிளம்பி வந்தது. நாங்கள் அதன் பக்கத்தில் நடந்தோம். லஸ்கர் பாட்டு முணுமுணுத்தார். பன்னிரண்டு மணிக்கு ஒரு நிழலில் உட்கார்ந்து செல்வத்தின் மனைவி கட்டித் தந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

பன்னிரண்டரை இருக்கும். மேல்பக்கத்திலிருந்து கரையோரமாக ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தோளில் மண்வெட்டி, முழங்கால்வரை சேறு. கையில் அந்தப் பெரணிக் கொத்து. எங்கள் செருப்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். எங்கள் எதிரே நின்று, கோபமில்லாமல், மடையில் கை வைத்தது நீங்களா என்று கேட்டாள். லஸ்கர் பெருமையோடு எழுந்தார்.

"ஆமாங் அம்மிணி. உடைப்பெடுத்துத் தண்ணி பூராம் வீணாப் போயிட்டிருந்துச்சுங்."

"வீணாப் போகலங்கய்யா" என்றாள் அவள். "எங் காட்டுக்குப் போச்சு."

அவள் பெயர் பஞ்சவர்ணம். நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அந்த வாய்க்காலில் எட்டு நாளைக்கு ஒருமுறை ஒரு வீட்டுக்கு அரைநாள் தண்ணீர் முறை. முறை வந்தவர் வாய்க்காலை மறித்துத் தன் மடையைத் திறந்து, மறித்ததன் மேல் பெரணியைத் தலைகீழாக வைத்துவிட்டுப் போவார். இது என் தண்ணீர், தொடாதே என்று அர்த்தம். பிறகு காவலுக்கு ஆள் வேண்டாம். பங்காளிச் சண்டையில் பேச்சே இல்லாத வீடுகள்கூட ஒருவர் வைத்த பெரணியை இன்னொருவர் தொடமாட்டார்கள். அன்று விடிந்ததிலிருந்து பன்னிரண்டு மணிவரை அவள் முறை. முதலில் பூண்டுக்குப் பாய்ச்சியிருக்கிறாள். கேரட் விதைத்து மூன்று நாள்தான் ஆகிறது, அதற்கு வேகத்தைக் குறைத்து நிதானமாக விடவேண்டும் என்று கடைசிக்கு வைத்திருந்தாள். கேரட்டுக்குத் திருப்பும் நேரத்தில் தண்ணீர் நின்றுபோயிற்று. காட்டுப்போத்து மிதித்து எங்கோ கரை உடைந்திருக்கும் என்று நினைத்துத் தன் கிளை வாய்க்கால் முழுக்கத் தேடிக்கொண்டே மேலே ஏறி, மடைக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. இப்போது வாய்க்காலில் ஓடுவது அடுத்தவர் தண்ணீர். கேரட் விதை இனி எட்டு நாள் காயும், மேல்மண் இறுகிவிடும், முளைக்காது. அவ்வளவுதான் அவள் சொன்னது.

என் வாயில் புளிச்சோறு அப்படியே இருந்தது. லஸ்கர் மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். எங்கள் ஊரில் கடைமடைக்காரர்கள் தண்ணீர் வரவில்லை என்று எங்கள் கேட்டில் வந்து நின்ற நாள்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலைதூக்கி, "உட்டாச்சுங், வரும்" என்பார். பொய் சொன்னதில்லை. விட்டிருப்பார். வந்ததா என்று போய்ப் பார்த்ததில்லை.

அடுத்த முறைக்காரரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கக்கூடாதா என்று நான் கேட்டேன். கேட்டால் கொடுப்பார், அதனால்தான் கேட்கக்கூடாது, அவரும் விதைத்திருக்கிறார் என்றாள். லஸ்கர் சட்டைப்பையில் கை வைத்தார். பஞ்சவர்ணம் ஒரு அடி பின்னால் போய்விட்டாள்.

"தண்ணிக்குக் காசு வாங்குனா அப்பறம் எனக்கு முறையே கெடையாதுய்யா. பெரணியத் தொட்டவுக அவுக முறையைக் குடுக்கணும், அதுதான் இங்க. ஒங்களுக்கு இங்க முறை இல்லையே, எதைக் குடுப்பீக?"

ஏளனமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வேறு தண்ணீரே இல்லையா என்று லஸ்கர் கேட்டார். தன் தோட்டத்துக்குக் கீழே ஒரு குடிதண்ணீர் ஊற்று இருக்கிறது, அதற்கு முறை கிடையாது, ஆனால் அது பள்ளத்தில் இருக்கிறது, தண்ணீர் மேலே ஏறுமா என்றாள். வீட்டுக்காரர் கோஸ் லோடு ஏற்றிக்கொண்டு மூணாறு போயிருக்கிறார், தான் ஒருத்தியாக எவ்வளவு சுமப்பது என்றாள்.

"எத்தன கொடம் இருக்குதுங்?" என்று கேட்டார் லஸ்கர்.

இரண்டு பிளாஸ்டிக் குடம், ஒரு பூவாளி. ஒன்றரை மணிக்கு ஆரம்பித்தோம். ஊற்றிலிருந்து கேரட் பாத்திக்கு நூற்றுப்பத்துப் படி, நானே எண்ணினேன். கல்லைச் செருகி வைத்த படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். மூன்று அடுக்கில் மூன்று பாத்தி. பஞ்சவர்ணம் பூவாளியால் மழைத் தூறல் மாதிரி தெளித்தாள், நான் அவளுக்கு மொண்டு மொண்டு கொடுத்தேன். மேல் பாத்தியைத் தனியாகத் தான் பார்த்துக்கொள்வதாக லஸ்கர் பிடிவாதம் பிடித்தார். குடத்து வாயில் கையை வைத்து, விரல் சந்தில் தண்ணீரைச் சிதற விடவேண்டும் என்று அவள் செய்து காட்டினாள். முதல் பத்துக் குடம் அப்படித்தான் செய்தார். மூன்றரைக்குச் செல்வம் போன் செய்தார், ஜீப் கிளம்புகிறது என்று. நாங்கள் வரவில்லை, அறையை இன்னொரு நாளைக்கு வைத்திருங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். பெரணி விஷயத்தைச் சொல்லாமல் விட்டது என் தப்பு என்றார். அதற்கு மேல் எங்களுக்கு அழுகை வராதது ஒன்றுதான் குறை.

நான்கரைக்கு மேல் லஸ்கருக்கு மூச்சு வாங்கியது. போதும், உட்காருங்கள் என்று நானும் பஞ்சவர்ணமும் மாறி மாறிச் சொன்னோம். கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் இரும்புச் சக்கரத்தைச் சுற்றினால் ஆறே திரும்பி ஓடும் என்று இருந்த மனிதருக்கு, ஒரு குடம் தண்ணீரின் எடை அன்றுதான் தெரிந்தது. தோள் சட்டை நனைந்து, வெள்ளை முடியெல்லாம் நெற்றியில் ஒட்டி, படியில் ஒரு கையை ஊன்றி ஏறினார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. ஐந்தே காலுக்கு மூன்று பாத்தியும் கறுப்பாக நனைந்து நின்றன. பஞ்சவர்ணம் பால் விடாத கட்டங்காபி போட்டுக் கொடுத்தாள். முளைக்குமா என்று லஸ்கர் கேட்டார். மண்ணுக்குத்தான் தெரியும் என்றாள். என் போன் நம்பரைக் குறித்துக்கொண்டாள்.

அறைக்குத் திரும்பியதும் குழுவில் போட்ட படத்தை எடுத்துவிட நினைத்தேன். அதற்குள் அத்தனை பேரும் பார்த்துப் பாராட்டியிருந்தார்கள். லஸ்கர் என் கையிலிருந்து போனை வாங்கி, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருக்கட்டும், அழிக்காதே என்றார். அதற்குக் கீழே, நடந்தது என்ன என்று நாலு வரியில் எழுதிப் போடச் சொன்னார். எழுதினேன். அதற்குக் கட்டைவிரல் எதுவும் வரவில்லை.

வெள்ளி காலை எட்டு மணி ஜீப்பில் கிளம்பினோம். ஊர் எல்லையில் சாலை வாய்க்காலைத் தாண்டுகிறது. அங்கே ஒரு மடையில் யாரோ பெரணி வைத்திருந்தார்கள், வேர் மேலே. கறிவேப்பிலைக் கொத்து போலத்தான் இருந்தது, நேற்றைக்கு முன்தினமாக இருந்தால் கண்டிருக்கவே மாட்டோம். லஸ்கர் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, தலை திரும்பும்வரை அதையே பார்த்தார். எங்கள் ஊர்க் கால்வாயில் ஷட்டருக்குப் பூட்டு உண்டு, பூட்டுக்கு மேல் சங்கிலி உண்டு. இரண்டையும் உடைத்துத் தண்ணீர் திருப்பிய கதைகள் ஒவ்வொரு கோடைக்கும் உண்டு. இங்கே ஒரு பெரணிக் கொத்து. அதையும் மீற ஒரு அரசாங்க ஊழியர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரவேண்டியிருந்தது.

பதினாறாம் நாள், சனிக்கிழமை மத்தியானம் பஞ்சவர்ணம் கூப்பிட்டாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"கீழ ரெண்டு பாத்தியும் நல்லா மொளச்சிருச்சுக்கா. மேப்பாத்திதான்..." என்று இழுத்தாள். "அய்யா கடைசியில குடத்தக் கவுத்து ஊத்தியிருக்காக போல. வெதையெல்லாம் அடிச்சிட்டுப் போயி வரப்போரமாச் சேந்திருச்சு. மேல மொட்டத்தரை, கீழ ஓரத்துல மீசை மாதிரி மண்டிக் கெடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். லஸ்கர் சிரிக்கவில்லை. அந்த இடத்தை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். இன்று முறைத் தண்ணீர் பாய்ந்தது, ஈரத்தோடு பீன்ஸ் ஊன்றிவிட்டேன் என்றாள். மீசையைக் களைந்து நாலில் ஒன்று வைத்திருக்கிறாளாம், அதையும் பிடுங்கிவிட மனசு வரவில்லை என்றாள்.

போனை வைத்ததும் அவர் சமையலறைக்குப் போனார். சுவரில் தொங்குகிற காலண்டரில், அந்த வியாழக்கிழமையிலிருந்து எட்டு எட்டாக எண்ணி வட்டம் போட்டார். வியாழன், பிறகு வெள்ளி, பிறகு சனி என்று வட்டங்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு கட்டம் தள்ளிப் போகின்றன. இப்போது ஏப்ரல் வந்துவிட்டது, வட்டம் போட்ட நாளில் என்ன வேலை இருந்தாலும் பன்னிரண்டு மணிக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார்.

"பாஞ்சிருக்கும்ல புள்ள?" என்று கேட்பார்.

"பாஞ்சிருக்குமுங்" என்பேன். அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்காருவார்.